ஒரு மரம், மூன்று குப்பி

இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருப்பது ஒரு மரத்தைப் பற்றி. கசப்பு ஆரஞ்சு மரம். அதன் பழத்தை உரித்துச் சுளை சுளையாகத் தின்ன முடியாது; ஒரு சுளையை வாயில் வைத்தாலே முகம் கோணிப்போகும். ஆனால் வாய் வேண்டாம் என்று ஒதுக்கிய அதே மரத்தை முகம் வா என்று அழைத்துக்கொண்டது. சோப்பில் அது இருக்கிறது, களிம்பில் இருக்கிறது, முகத்தில் தெளித்துக்கொள்ளும் பூநீரில் இருக்கிறது. 'இயற்கை' என்று எழுதிய புட்டிகளில் எல்லாம் அதன் பெயரைப் பார்க்கிறோம். தமிழில் ஓர் அழகு உண்டு. பழத்தைப் போர்த்தியிருப்பதும் தோல். நம்மைப் போர்த்தியிருப்பதும் தோல். ஒரு தோலில் ஊறியதை எடுத்து இன்னொரு தோலில் தடவலாமா? தடவலாம் என்றால் எதை, எவ்வளவு, எந்த வேளையில்? இதுதான் இன்றைய கேள்வி. விடையையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: இந்த மரம் தோலுக்கு நல்லதா கெட்டதா என்று கேட்பதே தவறான கேள்வி. மரத்தின் எந்த உறுப்பு, அதை எப்படிப் பிரித்தெடுத்தார்கள் என்று கேட்டால்தான் விடை கிடைக்கும். 'இயற்கை' என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு இந்த மரத்தை அளக்க முடியாது. இதைத்தான் சான்றுகளோடு உங்கள் முன் வைக்கப் போகிறேன்.

முதலில் மரத்தின் குலம் கோத்திரத்தைப் பார்த்துவிடுவோம். கசப்பு ஆரஞ்சு என்பது தனித்துப் பிறந்த மரம் அல்ல. பம்பளிமாஸும் மாண்டரின் வகையும் கலந்து பிறந்த பிள்ளை. புளிப்புப் பழ மரங்களின் மரபணுக்களை வரிசைப்படுத்தி 2018-இல் வெளிவந்த ஆய்வு இந்தப் பிறப்பை உறுதி செய்தது. ஆசியாவில் பிறந்த மரம் பாரசீகம் வழியாக அரபு நாடுகளுக்குப் போனது. அரேபியர் கையோடு மத்தியதரைக் கடலைச் சுற்றி வேர் விட்டது. ஸ்பெயினில் செவில் நகரத்துத் தெருக்களில் இன்றும் நிழல் தருவது இந்த மரம்தான். மரம் போன வழியிலேயே பெயரும் போனது. வடமொழியில் நாரங்கம், பாரசீகத்தில் நாரங், அரபியில் நாரஞ்ச், ஸ்பானியத்தில் நரான்ஹா, கடைசியில் ஆரஞ்சு. அந்த நாரங்கத்துக்கும் வேர் திராவிட மொழிகளில் இருக்கலாம் என்பது மொழியறிஞர் பலருடைய கருத்து. ஆனால் பெயரில் உறவு இருப்பதால் பழத்திலும் உறவு உண்டு என்று நினைத்துவிட வேண்டாம். நாரத்தை என்ற பெயரை நம் நாட்டில் ஒன்றுக்கு மேற்பட்ட பழங்களுக்கு வைத்து அழைக்கிறோம். கமலா ஆரஞ்சு வேறு, சாத்துக்குடி வேறு, நாம் பேசும் கசப்பு ஆரஞ்சு வேறு. ஆகவே புட்டியில் முன்பக்கத்துப் படத்தைப் பார்க்காதீர்கள். பின்பக்கத்துச் சிறிய எழுத்தைப் பாருங்கள். 'சிட்ரஸ் அவ்ராண்டியம் அமாரா' என்றிருந்தால் அது கசப்பு ஆரஞ்சு. 'டல்சிஸ்' என்றிருந்தால் இனிப்பு ஆரஞ்சு. அந்த ஒரு சொல்லில் இரண்டு வேறு பொருள்கள் பிரிகின்றன.

இந்த மரத்திலிருந்து மூன்று குப்பிகள் நிரம்புகின்றன. முதல் குப்பி பூவினுடையது. துனிசியா நாட்டில் நாபல் என்றொரு ஊர் உண்டு. மார்ச்சும் ஏப்ரலும் வந்தால் அந்த ஊரே வெள்ளைப் பூவாகிவிடும். மரத்தடியில் துணி விரித்துக் கையால் பூப்பறிப்பார்கள். பறித்த பூ வாடுவதற்குள் வடிகலத்துக்குப் போயாக வேண்டும். வீட்டிலேயே செம்புக் கலம் வைத்து வடிக்கும் குடும்பங்கள் அங்கே இன்றும் இருக்கின்றன. கலத்தில் பூவும் நீரும், அடியில் தீ, மேலே ஏறும் ஆவி குழாய் வழியே போய்க் குளிர்ந்து சொட்டுச் சொட்டாக இறங்கும். இறங்கிய நீரின் மேல் மெல்லிய படலமாக எண்ணெய் மிதக்கும். அந்த எண்ணெய்க்குப் பெயர் நெரோலி. ரோமாபுரிக்கு அருகில் உள்ள நெரோலா என்ற ஊரின் கோமகள் ஒருத்தி 17-ஆம் நூற்றாண்டில் தன் கையுறைகளுக்கு இந்த மணத்தை ஏற்றிக்கொண்டாள். ஊரின் பெயர் எண்ணெய்க்கு ஒட்டிக்கொண்டது. எவ்வளவு பூவுக்கு எவ்வளவு எண்ணெய் தெரியுமா? ஏறத்தாழ 1,000 கிலோ பூவுக்கு 1 கிலோ எண்ணெய். ஒரு கிலோ எண்ணெயின் விலை லட்சங்களில் நிற்பதற்குக் காரணம் இதுதான். எண்ணெயைப் பிரித்த பின் மிஞ்சும் மணநீர்தான் ஆரஞ்சுப் பூநீர். மத்தியதரைக் கடல் வீடுகளில் அது பலகாரத்திலும் விழும், காபியிலும் விழும், முகத்திலும் விழும்.

இரண்டாவது குப்பி இலையினுடையது. கசப்பு ஆரஞ்சின் இலைக்காம்பைப் பார்த்தால் சிறகு முளைத்ததுபோல் அகன்றிருக்கும். அந்த இலையையும் இளங்குச்சியையும் சேர்த்து ஆவியில் வடித்தால் பெட்டிகிரெய்ன் என்ற எண்ணெய் கிடைக்கும். பிரெஞ்சு மொழியில் அதற்குச் 'சிறுமணி' என்று பொருள். தொடக்கத்தில் மணி மணியான பிஞ்சுகளையும் போட்டு வடித்ததால் வந்த பெயர். தென்னமெரிக்காவில் பராகுவே நாடு இதற்குப் பேர்போனது. பூவெண்ணெயின் அருமை இதற்கு இல்லை, விலையும் குறைவு. ஆனால் மணத்தில் நெருங்கிய உறவு. இந்த உறவுதான் சந்தையில் வம்பும் ஆகிறது. விலை மலிந்த இலையெண்ணெயைக் கலந்து விலை உயர்ந்த பூவெண்ணெய் என்று விற்பது வாசனைத் தொழிலில் பழைய தந்திரம். மலிவு விலையில் 'தூய நெரோலி' கிடைக்கிறது என்று யாராவது சொன்னால், 1,000 கிலோ பூ என்ற கணக்கை ஒருமுறை மனத்தில் ஓட்டிப் பாருங்கள். காய்ச்சலில் படுத்தவர் நெற்றிக்குத் துணி நனைத்துப் போடும் ஓடிகொலோன் நம் வீடுகளுக்குப் புதிதல்ல. 18-ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் கொலோன் நகரில் வணிகம் செய்த இத்தாலியர் ஜொவானி மரியா ஃபரினாவின் பெயரோடு புகழ்பெற்றது அது. அந்த வகை வாசனை நீரின் உயிர்நாடியே புளிப்புப் பழ எண்ணெய்களும் நெரோலியும்தான். அந்த ஓடிகொலோனை மறந்துவிடாதீர்கள். சற்று நேரத்தில் அது சாட்சிக் கூண்டில் ஏறப் போகிறது.

மூன்றாவது குப்பி பழத்தோலினுடையது. ஆரஞ்சுத் தோலை ஒடித்துக் கண்ணருகே பிதுக்கினால் கண் எரியுமே, அந்தச் சாறுதான் இது. தோலில் நிறைந்திருக்கும் நுண்ணிய எண்ணெய்ப் பைகளை அழுத்திப் பிழிந்து எடுக்கிறார்கள். தீ இல்லை, ஆவி இல்லை, வடிகலம் இல்லை. அப்படியே பச்சையாகப் பிழிகிறார்கள். 'குளிர் பிழிவு' என்று பெருமையாகப் புட்டியில் எழுதுவதும் இதைத்தான். நாம் சமையலுக்குச் செக்கெண்ணெய் தேடுகிறவர்கள். ஆகவே சூடு படாமல் எடுத்தது என்றாலே உயர்ந்தது என்று மனம் சொல்லும். சமையலறையில் அது சரியாகவே இருக்கட்டும். ஆனால் தோலில் தடவும் கசப்பு ஆரஞ்சில் கதை தலைகீழ். எப்படி? அங்கேதான் இந்தப் பேச்சின் மையம் இருக்கிறது. கவனித்துக் கேளுங்கள்.

பழத்தோல் எண்ணெயில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் லிமோனீன் என்ற பொருள். அது எளிதில் ஆவியாகும். ஆனால் அதோடு சிறிதளவில் கனமான பொருள்கள் சிலவும் இருக்கின்றன. ஃபியூரனோகூமரின் என்பது அவற்றின் குடும்பப் பெயர். பெர்காப்டன் அந்தக் குடும்பத்தில் ஒன்று. இவை இருட்டில் சாது. வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் பட்டால்தான் விழித்துக்கொள்ளும். விழித்துக்கொண்டால் தோலின் உயிரணுக்களில் உள்ள மரபுப் பொருளையே பற்றிக்கொள்ளும். ஓரிரு நாளில் தோல் சிவக்கும், எரியும், கொப்புளம்கூட எழும்பும். ஆறிய இடத்தில் கருந்தழும்பு வாரக்கணக்கில், மாதக்கணக்கில் நிற்கும். ஒவ்வாமை இருப்பவர்களுக்கு மட்டும்தானே என்று கேட்காதீர்கள். இது ஒவ்வாமை அல்ல. போதுமான எண்ணெயும் போதுமான வெயிலும் சேர்ந்தால் எவருக்கும் வரக்கூடியது. இப்போது சாட்சியைக் கூப்பிடுவோம். 1916-இல் ஃபிராய்ண்ட் என்ற மருத்துவர், ஓடிகொலோன் தெளித்துக்கொண்டு வெயிலில் இருந்தவர்களின் தோலில் விழுந்த கருந்தழும்புகளை எழுதி வைத்தார். கழுத்தில் வழிந்த சொட்டின் வடிவத்திலேயே தழும்பு விழும். பார்க்கப் பதக்கம் தொங்குவதுபோல் இருந்ததால் பதக்கம் என்ற பொருள்பட அந்த நோய்க்கே பிறகு பெர்லாக் என்று பெயர் வந்தது. அங்கே குற்றவாளி பெர்கமாட் என்ற இன்னொரு புளிப்புப் பழத்தின் தோலெண்ணெய். குற்றம் செய்த பொருளோ இதே பெர்காப்டன். கசப்பு ஆரஞ்சுத் தோலிலும் குடியிருக்கும் அதே பொருள்.

இந்தப் பொருளின் குணம் தமிழருக்குப் புதியது என்று எண்ணிவிட வேண்டாம். நாட்டு மருந்துக் கடையில் கார்போக அரிசி என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். வெண்புள்ளிக்கு அதைப் பயன்படுத்துவது நம் மருத்துவத்தில் நெடுங்காலப் பழக்கம். அதில் உள்ள சோரலன் என்ற பொருளும் இதே குடும்பம். அந்தச் செடியின் தாவரவியல் பெயர்தான் அந்தப் பொருளுக்கே பெயரானது. இன்றைய தோல் மருத்துவர்களும் இந்தக் குடும்பத்து மருந்து ஒன்றைக் கொடுத்து, அளந்த கதிரில் நோயாளியை நிறுத்தி, சொரியாசிஸுக்கும் வெண்புள்ளிக்கும் வைத்தியம் செய்கிறார்கள். அளந்து கொடுத்தால் அது வைத்தியம். அளக்காமல் பூசிக்கொண்டு பேருந்து நிறுத்தத்தில் நின்றால் அது தீப்புண். பொருள் ஒன்றுதான், முறைதான் வேறு.

இனி இந்த மூன்று குப்பிகளையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். ஒரே மரம், ஒரே மண், ஒரே வேர். ஆனால் பூவெண்ணெயையும் இலையெண்ணெயையும் பூசிக்கொண்டு வெயிலில் போனால் இந்தத் தீப்புண் வருவதில்லை. பிழிந்த தோலெண்ணெயால் வருகிறது. ஏன்? பூவும் இலையும் ஆவியில் வடிக்கப்பட்டவை. லினலூல் போன்ற இலேசான மணப்பொருள்கள் ஆவியோடு ஏறிக் குப்பிக்கு வந்துவிடும். கனமான ஃபியூரனோகூமரின் ஆவியோடு ஏறாது. கலத்தின் அடியிலேயே கிடந்துவிடும். வடிகலம் ஒரு காவற்காரன். யாரை மேலே விடுவது, யாரைக் கீழே நிறுத்துவது என்று அவனுக்குத் தெரியும். பிழியும் செக்குக்கு அந்தக் காவல் இல்லை. இருப்பதையெல்லாம் அது அப்படியே தந்துவிடும். அதனால்தான் சர்வதேச நறுமணப் பொருள் சங்கம், வெயில் படும் தோலில் பூசிக் கழுவாமல் விடும் பொருள்களில் பிழிந்த கசப்பு ஆரஞ்சுத் தோலெண்ணெய் 1.25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று வரம்பு கட்டியிருக்கிறது. நாம் எதை 'இயற்கைக்கு நெருக்கம்' என்று புகழ்கிறோமோ, அந்தப் பச்சைப் பிழிவுக்குத்தான் வரம்பு வேண்டியிருக்கிறது. தீயில் வெந்து, ஆவியாகி, மனிதன் கை பட்டு மாறிய எண்ணெய்க்கு வெயிலின் பெயரால் அந்த வரம்பு வேண்டியிருக்கவில்லை. இதைவிட என்ன சான்று வேண்டும், 'இயற்கை' என்ற சொல் அளவுகோல் அல்ல என்பதற்கு?

ஆபத்தை மட்டும் சொல்லிவிட்டு அமர்ந்தால் அது நியாயம் ஆகாது. பயன் என்ன? பூநீரில் தொடங்குவோம். அதில் கரைந்திருக்கும் எண்ணெய் மிகமிகச் சொற்பம். இலேசான அமிலத்தன்மை உண்டு. நம் தோலின் இயல்பும் இலேசான அமிலம்தான். சாதாரண சோப்போ 9, 10 என்ற காரநிலையில் நிற்பது. சோப்பால் கழுவிய முகத்துக்குப் பூநீர் இதமாக இருப்பதில் வியப்பில்லை. அதைத் தாண்டி அது சுருக்கத்தை அழிக்கும், செல்லைப் புதுப்பிக்கும் என்று விளம்பரங்கள் சொல்வதற்குச் சான்றின் கனம் மிகக் குறைவு. நெரோலியை எடுத்துக்கொள்ளுங்கள். மாதவிடாய் நின்ற 63 பெண்களிடம் கொரியாவில் நடந்து 2014-இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், நாளுக்கு இருமுறை, 5 நாள், நீர்த்த நெரோலியை முகர வைத்தார்கள். முகர்ந்தவர்களிடம் அந்தப் பருவத்துத் தொல்லைகள் சில குறைந்தன. நல்ல செய்திதான். ஆனால் அவர்கள் முகர்ந்தார்கள், பூசவில்லை. மூக்குக்குக் கிடைத்த சான்றை முகத்துக்கு எழுதிக்கொள்ளக் கூடாது. பூஞ்சைக்கு வருவோம். 1996-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் படர்தாமரை போன்ற பூஞ்சை நோய் கொண்ட 60 பேரை மூன்று குழுவாகப் பிரித்து, கசப்பு ஆரஞ்சு எண்ணெயை ஒரு குழுவுக்கு 25 சதவீதக் குழம்பாகவும், ஒரு குழுவுக்குச் சாராயத்தில் கரைத்தும், ஒரு குழுவுக்குத் தனி எண்ணெயாகவும் பூசினார்கள். பெரும்பாலோர்க்குக் குணம் தெரிந்தது. தனி எண்ணெய் பூசியவர்களுக்கு இலேசான எரிச்சலும் வந்தது. மூன்று குழுவும் எண்ணெய் பெற்றவையே. எண்ணெயே இல்லாத நான்காவது குழு ஒன்று இருந்திருந்தால் தீர்ப்பு இன்னும் உறுதியாக இருந்திருக்கும். ஆக, நம்பிக்கைக்கு இடம் உண்டு. மருந்துக் கடைக் களிம்பைத் தூக்கி எறிவதற்கு இடம் இல்லை.

வைட்டமின் சி நிறைந்த பழம், ஆகவே சாற்றை முகத்தில் தடவினால் முகம் வெளுக்கும் என்று ஒரு பேச்சு உண்டு. கணக்குப் போட்டுப் பார்ப்போமா? ஆரஞ்சுச் சாற்றில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 50 மில்லிகிராம் வைட்டமின் சி. அதாவது 0.05 சதவீதம். தோல் பூச்சுகளில் அது வேலை செய்வதற்கு வைக்கும் அளவு 10 முதல் 20 சதவீதம். குறைந்தது 200 மடங்கு வித்தியாசம். 200 ரூபாய் கடனுக்கு ஒரு ரூபாய் கொடுத்துவிட்டுக் கணக்குத் தீர்ந்தது என்று சொல்ல முடியுமா? சாற்றில் வைட்டமின் சொற்பம், அமிலமோ தாராளம். தேய்த்த முகத்தில் எரிச்சல் மிஞ்சும். எலுமிச்சைச் சாற்றைத் தேய்த்துக்கொண்டு வெயிலில் காய்பவர்களுக்கு இன்னொன்றும் மிஞ்சலாம். எலுமிச்சை இனத்துப் பழங்களிலும் இந்த வெயில் நஞ்சு உண்டு. வெளுக்க வேண்டும் என்று தடவி, கருந்தழும்போடு திரும்புவதைவிடச் சோகமான கதை உண்டா?

இங்கே எழுந்து நின்று ஒருவர் கேட்கலாம். "ஐயா, நம் பாட்டிமார் ஆரஞ்சுத் தோலைக் காய வைத்து, பொடித்து, கடலை மாவோடும் பயற்றம் மாவோடும் கலந்து பூசிக் குளித்தார்களே. அவர்கள் தோல் என்ன கெட்டா போனது?" நல்ல கேள்வி. விடையும் அந்தக் கேள்வியிலேயே இருக்கிறது. அவர்கள் பூசிக் குளித்தார்கள். பூசிக்கொண்டு புறப்படவில்லை. ஐந்து நிமிடமோ பத்து நிமிடமோ தோலில் இருந்தது, பிறகு தண்ணீரோடு போய்விட்டது. பெரும்பாலும் காய வைத்தது கமலா ஆரஞ்சின் தோல். கசப்பு ஆரஞ்சு அல்ல. சேர்த்ததோ மாவோடு மாவாக ஒரு பிடி. பழம் வேறு, அளவு வேறு, தோலில் தங்கிய நேரம் வேறு. பாட்டியின் கையில் இருந்தது வெறும் பொருள் அல்ல, ஒரு முறை. நாம் பொருளை மட்டும் கடனாக வாங்கிக்கொண்டு முறையை வாசலிலேயே விட்டுவிட்டு வருகிறோம். பிழிந்த எண்ணெயைக் களிம்பில் குழைத்துக் காலை பத்து மணிக்குப் பூசிக்கொண்டு, இது பாட்டி வைத்தியம் என்கிறோம். பாட்டி கேட்டால் கோபப்படுவாள்.

நம் மரபு ஒருபோதும் 'செடியில் வந்தது, ஆகவே தீங்கில்லாதது' என்று சொன்னதில்லை. சேராங்கொட்டையை நினைத்துப் பாருங்கள். துணிக்குக் குறி போட உதவிய அந்தக் கொட்டையின் பால் கையில் பட்டால் கொப்புளம். அதுவும் மரத்தில் காய்ப்பதுதான். சித்த மருத்துவர் அதை மருந்தாக்குகிறார், ஆனால் சுத்தி செய்யாமல் தொடுவதில்லை. சுத்தி என்றால் என்ன? வேண்டாததை விலக்குவது. கசப்பு ஆரஞ்சில் வடிகலம் செய்கிற வேலையும் அதுதானே? மருந்தைத் தனியே கொடுக்காமல் தேனிலோ நெய்யிலோ அனுபானமாகக் கொடுப்பதும் நம் மரபு. நெரோலியைத் தனியே பூசாமல் நல்லெண்ணெயிலோ தேங்காயெண்ணெயிலோ பாதாம் எண்ணெயிலோ நீர்க்கச் செய்து பூசு என்று இன்றைய அறிவு சொல்வதும் அதே பாதையில்தான். ஆகவே மரபா அறிவியலா என்று கட்சி கட்ட வேண்டியதில்லை. சுத்தி, அளவு, அனுபானம் என்ற மூன்றையும் வைத்திருந்த மரபு நம்முடையது. அதைவிட்டு 'இயற்கை' என்ற ஒற்றைச் சொல்லைப் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் மரபை மறப்பது.

இன்னொருவர் எதிர்த் திசையிலிருந்து கேட்கலாம். "அப்படியானால் கெமிக்கல் கலந்ததைத்தான் பூசச் சொல்கிறீர்களா?" இந்தக் 'கெமிக்கல்' என்ற சொல்லையும் சற்றுத் திருப்பிப் பார்ப்போம். புட்டியின் பின்னால் லினலூல், லிமோனீன் என்று எழுதியிருப்பதைப் பார்த்துப் பயந்து அதை அலமாரியிலேயே வைத்துவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களே தூய நெரோலியைத் தேடி வாங்குவார்கள். நெரோலியின் பெரும்பங்கு என்ன? லினலூல். ரசத்துக்கு அரைக்கிறோமே கொத்தமல்லி விதை, அதன் மணம் என்ன? லினலூல். பூவில் இருந்தாலும் புட்டியில் இருந்தாலும் அது அதேதான். அப்படியானால் பெயரை ஏன் எழுதுகிறார்கள்? காரணம் இருக்கிறது. லினலூலும் லிமோனீனும் காற்று பட்டு நாள்பட்டால் வேறு பொருளாக மாறுகின்றன. மாறிய பொருள் சிலருடைய தோலை ஒவ்வாமைக்குப் பழக்கிவிடும். ஒருமுறை பழகிவிட்டால் பிறகு சிறு அளவு பட்டாலும் அரிப்பு. ஐரோப்பிய ஒன்றியம் 2003-இல் இத்தகைய 26 மணப்பொருள்களைப் பட்டியலிட்டது. கழுவாமல் விடும் பொருளில் 0.001 சதவீதத்துக்கு மேலும், கழுவிவிடும் பொருளில் 0.01 சதவீதத்துக்கு மேலும் இருந்தால் பெயரை எழுதியே ஆக வேண்டும் என்றது. 2023-இல் பட்டியல் 80-க்கும் மேலாக நீண்டது. பூவிலிருந்து வந்ததா ஆலையிலிருந்து வந்ததா என்று சட்டம் கேட்கவில்லை. தோலும் கேட்பதில்லை. ஆகவே அந்தப் பெயர்களைக் கண்டு மிரளாதீர்கள். எழுதியிருப்பவர் நேர்மையாகச் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வாமை இருப்பவர் மட்டும் விலகிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது கேள்வி, இரண்டையும்விடக் கூர்மையானது. "இத்தனை கவனம் வேண்டுமென்றால் இந்தத் தொல்லையே எதற்கு? மணமில்லாத களிம்பு ஒன்றைப் பூசிக்கொண்டு சும்மா இருக்கலாமே?" சிலருக்கு இதுதான் சரியான அறிவுரை. கைக்குழந்தைகள், கரப்பான் உள்ளவர்கள், மணப்பொருள் ஒவ்வாதவர்கள், இவர்களுக்கு மணமில்லாததே மருந்து. ஆனால் மற்றவர்களுக்கு? கவனம் வேண்டும் என்பதற்காக நாம் எதையும் விட்டுவிடுவதில்லை. அடுப்புச் சுடும் என்று யாரும் சமைக்காமல் இருப்பதில்லை. நாள் முழுதும் உழைத்த முகத்தில் ஒரு கை பூநீர் தெளித்துக்கொள்ளும்போது வருகிற ஆறுதல் பொய்யல்ல. மணம் தருகிற மகிழ்ச்சியும் பராமரிப்பில் ஒரு பங்குதான். அந்த மகிழ்ச்சியை மகிழ்ச்சி என்றே சொல்லுங்கள். மருந்து என்று சொல்லாதீர்கள். அவ்வளவுதான் நான் கேட்பது.

ஆகவே, நண்பர்களே, வீட்டுக்குப் போகும்போது கையோடு எடுத்துச் செல்ல ஐந்து கேள்விகளைத் தருகிறேன். முதல் கேள்வி: எந்த உறுப்பு? பூவா, இலையா, பழத்தோலா? பெயர்ப் பட்டியல் சொல்லும். இரண்டாவது: எப்படி எடுத்தது? வடித்ததா, பிழிந்ததா? மூன்றாவது: எவ்வளவு? முகத்துக்கு ஒரு சதவீதமே தாராளம். 30 மில்லி எண்ணெயில் ஒரு சதவீதம் என்றால் 0.3 மில்லி; குப்பியின் வாயைப் பொறுத்து 6 முதல் 9 சொட்டு. நான்காவது: எப்போது? பிழிந்த தோலெண்ணெய் என்றால் வெயிலுக்கு முன்னால் வேண்டாம்; கழுவிவிடும் சோப்போடு அது நின்றுவிடட்டும். சித்திரை வெயில் காயும் ஊரில் வாழும் நமக்கு இந்த நான்காவது கேள்வி மற்றவர்களைவிட இரட்டிப்பு முக்கியம். ஐந்தாவது: எவ்வளவு நாள் ஆனது? எண்ணெயை இருண்ட நிறக் கண்ணாடிக் குப்பியில் இறுக மூடிக் குளிர்ந்த இடத்தில் வையுங்கள். பூநீரில் கிருமி வளரும். குளிர்பெட்டியில் வைத்து விரைவில் தீர்த்துவிடுங்கள். மணம் மாறிவிட்டால் பாசம் பார்க்காமல் கொட்டிவிடுங்கள். இவை எல்லாவற்றுக்கும் முன்னால், முழங்கையின் உட்புறத்தில் ஒரு சொட்டு நீர்த்த எண்ணெயைத் தடவி இரண்டு நாள் பாருங்கள். சிவந்தால் அந்தக் குப்பி உங்களுக்கு உரியது அல்ல.

ஆயிரம் கிலோ பூவைக் கையால் பறித்து ஒரு கிலோ எண்ணெயாக்கிய உழைப்பாளிகளுக்கு இந்த மரத்தைப் பற்றி ஓர் உண்மை தெரிந்திருந்தது. மரம் தருவது ஒன்று, வடிகலம் தருவது ஒன்று. அந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொண்டவருக்கு இந்த மரம் நல்ல தோழன். தெரிந்துகொள்ளாதவருக்கு அதே மரம் கழுத்தில் ஒரு கருப்புப் பதக்கத்தைத் தொங்கவிட்டுப் போகும். இனி ஒரு புட்டியைக் கையில் எடுக்கும்போது முன்பக்கத்தில் 'இயற்கை' என்று இருக்கிறதா என்று தேடாதீர்கள். திருப்பிப் பின்பக்கத்தைப் படியுங்கள்.